சாப்பிடாத பிள்ளையைப் பிடிக்க எந்தப் போலீஸும் வராது

வாசகியின் கடிதம்:

“மேடம், நாங்கள் வீரவநல்லூரில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு ஐந்தரை. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் அத்தைதான். அத்தை நல்லவர்கள். ஆனால் மகன் சோறு உண்ணாவிட்டால், தூங்காவிட்டால், தெருவுக்கு ஓடினால், ‘இந்தா போலீஸ்காரன் வாரான், பிடிச்சுக் குடுத்துருவேன்’ என்பதுதான் அவர்கள் வாயில் முதலில் வரும். நாங்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம். இந்த ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லைக்குப் போனபோது வாகையடி முனை பக்கம் கூட்டத்தில் அவன் கை விட்டுப்போய்விட்டது. அரை மணி நேரம் எங்களுக்கு உயிரே இல்லை. கடைசியில் ஒரு பாத்திரக்கடையில் அடுக்கியிருந்த குடங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனைக் கடைக்காரர் பார்த்துக் கொண்டுவந்து விட்டார். அந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் இரண்டு பெண் போலீஸ் நின்றிருக்கிறார்கள். ‘ஏம்ல அவங்ககிட்டப் போகல?’ என்று கேட்டால், ‘பிடிச்சிட்டுப் போயிருவாங்கள்லா’ என்கிறான். மகள் வேறு மாதிரி. செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, ‘போலீஸ் அடிச்சே கொன்னுருவாங்களாமே, அவங்க நல்லவங்களா கெட்டவங்களா?’ என்று கேட்கிறாள். அவளேதான் போலீஸ் ஆகப்போவதாகவும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். போலீஸ் என்றால் யார், என்ன செய்வார்கள் என்று இந்த இரண்டு பேருக்கும் எப்படிச் சொல்வது?”

பதில்:

பிள்ளை கிடைத்துவிட்டான், அதுவே பெரிய விஷயம். அவனைத் திட்டியிருந்தால் இனித் திட்டாதீர்கள், ஏனென்றால் அவன் செய்தது முட்டாள்தனமே இல்லை. போலீஸ் வந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று இரண்டு மூன்று வருஷமாக வீட்டில் பாடம் நடந்திருக்கிறது, அவன் அதை ஒழுங்காகப் படித்திருக்கிறான். தேர்க்கூட்டத்தில் அம்மாவைக் காணோம், சுற்றிலும் கால்கள், கொட்டுச் சத்தம், அந்த நேரத்தில் காக்கியைப் பார்த்ததும் படித்ததை அப்படியே செய்துவிட்டான். ஒளிந்துகொண்டான்.

நான் மகளிர் காவல் நிலையங்களில் வேலை பார்த்து ஆய்வாளராக ஓய்வு பெற்றவள். உங்கள் அத்தை மாதிரி ஆட்களை எனக்கு நன்றாகவே தெரியும், சொல்லப்போனால் அவர்களில் பாதிப்பேர் பிள்ளையை ஸ்டேஷனுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு காலை நேரம், ஒரு பெண் நாலு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் டிபன் டப்பாவோடு வாசலில் வந்து நின்றார். ‘மேடம், ஒரு சத்தம் போடுங்க, ரெண்டு நாளா ஒண்ணுமே திங்க மாட்டேங்கான்.’ பையன் கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்கிறான். பாராவில் நின்ற பெண் காவலர் துப்பாக்கியோடு சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் நின்றார். நான் கீழே உட்கார்ந்து, ‘எனக்கும் பசிக்கு, ஒரு இட்லி தாயேன்’ என்றேன். அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, டப்பாவை முழுசாக என் பக்கம் தள்ளிவிட்டான்! அவன் அம்மாவுக்குத்தான் ஏமாற்றம். ‘நீங்களே இப்பிடிப் பேசினா அவன் யாருக்கு மேடம் பயப்படுவான்?’

அந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது, அத்தையிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை எதைச் செய்தாலும் அது குற்றமே ஆகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 82-வது பிரிவு அது, 2024 ஜூலை 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 20-வது பிரிவு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்த ஒரு விஷயத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஆக, சோறு உண்ணாத ஐந்தரை வயதுக்காரனைப் பிடிக்க இந்த நாட்டில் ஏட்டையாவுக்கும் அதிகாரம் இல்லை, டி.ஜி.பி.க்கும் அதிகாரம் இல்லை. பெரிய பிள்ளையாக இருந்தாலும், 18 வயது முடியாதவர்களை லாக்கப்பில் வைக்கக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது.

சரி, இது விளையாட்டுப் பேச்சுதானே, வளர வளரத் தானாகப் போய்விடும் என்று நினைப்பீர்கள். எல்லாருக்கும் அப்படிப் போய்விடுவதில்லை. நான் விசாரித்த வழக்குகளில், பிள்ளைகளிடம் தப்பாக நடந்துகொண்டவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன மிரட்டல் ஒன்று உண்டு: ‘வெளிய சொன்னா போலீஸ் வந்து உன்னைத்தான் பிடிச்சிட்டுப் போகும்.’ இதை நம்பவைக்க அவர்கள் கஷ்டப்படவே வேண்டியதில்லை. வீட்டில் ஆச்சியும் அம்மாவும் ஏற்கெனவே நம்பவைத்து முடித்திருப்பார்கள். பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மாதக்கணக்கில் மூடிக்கொள்ளும். இதனால்தான் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

வளர்ந்தவர்கள் கதையையும் பாருங்கள். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சொல்லி, வீடியோ காலில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஒருத்தன் வருவான், உங்கள் பேரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, அறையை விட்டு வெளியே போகாதே என்பான். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள், நன்றாகப் படித்தவர்கள், மொத்த சேமிப்பையும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ் அப்படி போனில் கைது செய்யாது, அப்படி ஒரு கைதே எந்தச் சட்டத்திலும் இல்லை. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஆனால் காக்கியைப் பார்த்தவுடன் இவர்களுக்குள் இருக்கிற அந்த ஐந்து வயசுப் பிள்ளை எழுந்துவிடுகிறது.

ஆகவே முதல் வேலை விளக்கம் சொல்வது இல்லை, அந்த மிரட்டலை நிறுத்துவது. அத்தையிடம் சண்டை போட வேண்டாம், நீங்கள் வேலைக்குப் போயிருக்கிற நேரமெல்லாம் ஐந்தரை வயதுக்காரனோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள்தான். ‘இனிமேல் போலீஸ் பேரைச் சொல்லாதீங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அடுத்த நாள் போலீஸ் இருந்த இடத்தில் ஊசி போடுகிற டாக்டர் வந்து உட்காருவார், அதற்கடுத்த நாள் சாக்குப்பை தூக்கிவருகிற பாவப்பட்ட மனுஷன். அதனால் அவர்களுக்கு வேறு ஒரு பேச்சைக் கொடுங்கள். சாப்பிடவில்லையா, ‘சரி, பைய உண்ணு, ஆனா தட்டை எடுத்துருவேன், அடுத்து சாயங்காலந்தான்’ என்று சொல்லி, சொன்னபடி எடுத்துவிடவேண்டும். தெருவுக்கு ஓடினால், ‘பஸ் வரும், அடிபடும்’ என்று உண்மைக் காரணத்தையே சொல்லலாம். தேரோட்டத்தில் நடந்ததை அத்தையிடம் நிதானமாக ஒரு தடவை சொல்லுங்கள், பேரன் போலீஸைப் பார்த்துத்தான் ஒளிந்திருந்தான் என்று. பேரன் மேல் உயிராக இருக்கிற ஆச்சிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

உங்கள் பங்கும் இருக்கிறது. வண்ணாரப்பேட்டை பக்கம் வண்டியில் வரும்போது, கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருக்கிற ஹெல்மெட்டை, ‘ஏய் போலீஸ் நிக்கான்’ என்று சொல்லி அவசரமாக மாட்டுவது, அல்லது சந்துக்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவது, இதையெல்லாம் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை பார்த்துக்கொண்டேதான் வருகிறான். ஹெல்மெட் தலைக்காக இல்லை, ஆயிரம் ரூபாய் அபராதத்துக்காக என்று அவனுக்கு விளங்கிவிடுகிறது. போலீஸ் என்பவர் நம்மைப் பிடிக்கிறவர், அவர் கண்ணில் படாமல் போவதுதான் கெட்டிக்காரத்தனம் என்றும் விளங்கிவிடுகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஹெல்மெட் தலையில் இருந்தால் இந்தப் பாடமே நடக்காது.

இனி மகனுக்கு என்ன சொல்வது என்பதற்கு வருகிறேன். ‘சட்டம் ஒழுங்கைப் பாதுகாப்பவர்’ என்று பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி ஆரம்பித்தால் அவன் எழுந்து ஓடிவிடுவான். கண்ணால் பார்த்ததிலிருந்து பிடியுங்கள். குற்றாலத்துக்குச் சீசனுக்குக் கூட்டிப்போயிருப்பீர்கள்தானே? மெயின் அருவியில் தண்ணீர் கூடினால் விசில் ஊதி எல்லாரையும் வெளியே வரச் சொல்லி, அதன் பிறகு யாரையும் உள்ளே விடாமல் நிற்கிறார்களே, அது யார்? ‘நாமெல்லாம் குளிக்க முடியலையேன்னு உனக்குக் கோபம் வந்துச்சுல்லா, அவங்க அப்பிடி நிக்கலைனா தண்ணி ஆளை இழுத்துட்டுப் போயிரும்’ என்று சொல்லுங்கள். 2023 டிசம்பர் வெள்ளம் அவனுக்கு ஞாபகம் இருக்காது, மகளுக்கு இருக்கும். தாமிரபரணி ஊருக்குள் வந்த அந்த நாட்களில் தீயணைப்புக்காரர்களோடும் மீட்புப் படையோடும் போலீஸும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றதை அவளையே தம்பிக்குச் சொல்லச் சொல்லுங்கள். அக்கா சொன்னால் அவன் கேட்பான்.

பிறகு, திருடனைப் பிடிப்பது. சின்னப் பிள்ளைகளுக்குப் போலீஸ் என்றாலே கள்ளன் போலீஸ் விளையாட்டுதான், ஓடுவது, துரத்துவது, பிடிப்பது. உண்மையில் நாங்கள் ஓடியதைவிட எழுதியதுதான் அதிகம்! ஸ்டேஷனில் ரைட்டர் என்று ஒருவர் இருப்பார், வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டு எழுதுகிறவர். அடகு வைக்கப்போன நகையைப் பஸ்ஸில் தொலைத்தவர், ஆட்டைக் காணோம் என்று வருகிறவர், அடுத்த வீட்டுக்காரன் வாய்க்கால் மண்ணை வெட்டிவிட்டான் என்று வருகிறவர், எல்லாருக்கும் முதலில் வேண்டியது தான் சொல்வதை ஒருத்தர் உட்கார்ந்து கேட்பது. புகாரை வாங்கிக்கொண்டு அதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள், குற்றம் நடந்திருந்தால் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள், அப்புறம் போய் விசாரிப்பார்கள். இதை வீட்டில் விளையாடிக் காட்டுங்கள். மகன் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அவனைப் போலீஸாக உட்காரவையுங்கள், ஆச்சி புகார் கொடுக்க வரட்டும்: ‘ஐயா, என் மூக்குக்கண்ணாடியைக் காணல.’ கடைசியாக எங்கே வைத்தீர்கள், என்ன நிறம், யார் பார்த்தது என்று அவன் கேட்கட்டும், வீடு முழுக்கத் தேடட்டும். அடுத்த ஆட்டத்தில் அவன் காணாமல் போன பிள்ளை, அக்கா போலீஸ். இந்த இரண்டாவது ஆட்டம்தான் உங்களுக்கு முக்கியம். அதை ஒரு தடவை ஆடிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அடுத்த திருவிழா வருவதற்குள் அவனுக்கு வாய்ப்பாடாக வரவேண்டும்.

ஏனென்றால் தொலைந்த பிள்ளையிடம் பேர் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ‘உன் பேரென்ன?’ ‘தம்பி.’ ‘அப்பா பேரு?’ ‘அப்பா.’ ‘வீடு எங்க இருக்கு?’ ‘ஆச்சி வீட்டுப் பக்கத்துல.’ இதை வைத்துக்கொண்டு ரதவீதி நாலிலும் யாரைத் தேடுவது? அவனுடைய முழுப்பெயர், அம்மா அப்பாவின் பெயர், ஊர், உங்கள் செல்போன் எண், இந்த நாலும் பாட்டு மாதிரி மனப்பாடம் ஆகவேண்டும். திருவிழாக்களில் இப்போது போலீஸே பிள்ளைகள் கையில் பெற்றோர் எண் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள், கிடைத்தால் கட்டிக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் பால்பாயிண்ட் பேனாவால் முழங்கையில் நீங்களே எழுதிவிடலாம், சந்தனம் பூசினாலும் அழியாத இடமாகப் பார்த்து. கோயில் பக்கம் போய்ச் சேர்ந்தவுடன் காவல் உதவி மையம் எங்கே இருக்கிறது, மைக்கில் பேசுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் அவனுக்குக் காட்டிவிட்டு அப்புறம் சாமி பார்க்கப் போங்கள்.

உங்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை காணாமல் போனால் ஒரு நாள் பார்த்துவிட்டுப் புகார் கொடுக்கலாம் என்று சிலர் இன்னமும் நினைக்கிறார்கள், அப்படி எந்தச் சட்டமும் இல்லை. உடனே புகாரை எடுத்து வழக்குப் பதியவேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த ஸ்டேஷன் எல்லை என்றும் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், 112 அல்லது 100-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளைகளுக்கென்று தனியாக 1098 இருக்கிறது, அதை மகள் மனப்பாடமாக வைத்துக்கொள்ளட்டும்.

அவனுக்கு நேரில் காட்டவேண்டும் என்றால் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவதை நான் முதல் யோசனையாகச் சொல்ல மாட்டேன். அங்கே அந்த நேரம் யார் அழுதுகொண்டிருப்பார்கள், யாரைக் கொண்டுவந்து உட்காரவைத்திருப்பார்கள் என்று சொல்லமுடியாது. அதைவிட உங்கள் ஊர்க் கோயில் கொடை நல்ல இடம். பந்தோபஸ்துக்கு வந்த காவலர்கள் ராத்திரி முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வில்லுப்பாட்டைக் கேட்டுக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு இருப்பார்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய், ‘சார், என் மகன் உங்ககிட்டப் பேர் சொல்லணுமாம்’ என்று சொல்லிப் பாருங்கள். அனேகமாக அவருக்கும் வீட்டில் அதே வயதில் ஒன்று இருக்கும். போலீஸும் டீ குடிக்கும், போலீஸுக்கும் கொசு கடிக்கும் என்று அவன் தெரிந்துகொள்வது நீங்கள் சொல்கிற பத்து விளக்கத்துக்குச் சமம். கோயிலிலோ பேங்க் வாசலிலோ பட்டா புத்தகம் தொங்கினால் அதையும் காட்டுங்கள். ராத்திரி ரோந்து வருகிறவர் அந்த இடத்துக்கு வந்தேன் என்று நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுகிற நோட்டு அது. ‘நீ தூங்கிட்டிருக்கும்போது ரெண்டு மணிக்கு ஒருத்தர் வந்து இதுல கையெழுத்துப் போட்டிருக்கார் பாரு’ என்றால் அவனுக்கு ஒரே ஆச்சரியமாக இருக்கும்.

காக்கி போட்டவர்கள் எல்லாரும் போலீஸ் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆட்டோ ஓட்டுகிற அண்ணாச்சியும் காக்கிதான், ஏ.டி.எம். வாசலில் இருக்கிற தாத்தாவும் கிட்டத்தட்ட அதே மாதிரி உடுப்புதான். டிராஃபிக்கில் நிற்கிறவரோ வெள்ளைச் சட்டை. நெஞ்சில் பெயர்ப்பட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தோளில் நட்சத்திரம் எண்ணுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், இரண்டு இருந்தால் எஸ்.ஐ., மூன்று இருந்தால் இன்ஸ்பெக்டர். எதுவுமே புரியவில்லையா, பிள்ளையைக் கையில் வைத்திருக்கிற ஒரு அம்மாவிடம் போய்ச் சொல் என்று கற்றுக்கொடுங்கள், அது எந்தக் கூட்டத்திலும் செல்லும். அதோடு ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: ‘நான் போலீஸ், வண்டியில ஏறு’ என்று தனியாகக் கூப்பிடுகிறவரோடு போகக்கூடாது, சத்தம் போட்டு மற்றவர்களைக் கூப்பிடவேண்டும். நிஜமான போலீஸாக இருந்தால் அவன் சத்தம் போட்டான் என்று கோபிக்க மாட்டார், அங்கேயே நின்று உங்களுக்குப் போன் போடுவார்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ‘போலீஸ் மாமா நம்ம நண்பர், ரொம்ப நல்லவர்’ என்று எதிர்ப்பக்கம் போய் விழுந்துவிடாதீர்கள். நாங்களே சுவரில் எழுதி வைத்த வாசகம்தான், இருந்தாலும் சொல்கிறேன். நேற்று வரை பூச்சாண்டியாக இருந்தவர் இன்றைக்கு எப்படி மாமா ஆனார் என்று பிள்ளைக்குக் குழப்பம்தான் வரும். உடுப்பைப் பார்த்து ஒருத்தரை நம்பு என்று சொல்வதும் ஆபத்துதான். அது ஒரு வேலை, அந்த வேலையைச் செய்கிறவர்கள் மனுஷர்கள், உனக்கு உதவி செய்வது அவர்கள் கடமை, நீ கேட்கலாம். ஐந்தரை வயதுக்கு இவ்வளவு போதும்.

மகளுக்கு இது போதாது. அவள் கேட்ட கேள்வி பெரியவர்களே சுற்றி வளைத்துப் பேசுகிற கேள்வி. ‘அதெல்லாம் உனக்கெதுக்கு’ என்று சொன்னால் அவள் மறுபடியும் செல்போனைத்தான் கேட்பாள். உண்மையைச் சொல்லுங்கள். சாத்தான்குளம் நமக்குத் தூரம் இல்லை. 2020 ஜூனில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், செல்போன் கடை வைத்திருந்த ஒரு அப்பாவையும் மகனையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனார்கள், சில நாட்களில் அடுத்தடுத்து இருவருமே இறந்துபோனார்கள். அடித்ததுதான் காரணம் என்று போலீஸ்காரர்கள் மேலேயே கொலை வழக்கு வந்தது. அதோடு நிறுத்தாமல் பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே அதைக் கையில் எடுத்தது, ஒரு மாஜிஸ்திரேட்டை அனுப்பி விசாரிக்கச் சொன்னது, அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறை பொறுப்பில் கொடுக்க வைத்தது. இன்ஸ்பெக்டர் உட்பட அங்கே இருந்த போலீஸார் பலர் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்த ராத்திரி நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியாகச் சொன்னவர், அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். உங்கள் மகள் ‘நல்லவங்களா கெட்டவங்களா’ என்று கேட்கிறாள் இல்லையா, ஒரே ராத்திரி, ஒரே கூரைக்கு அடியில், ஒரே உடுப்பில் இரண்டு விதமான ஆட்களும் இருந்தார்கள். அதற்கு மேல் அவளே யோசிக்கட்டும், பதினொரு வயதில் யோசிப்பார்கள்.

அந்தத் துறையில் இருந்தவள் நான், எங்கள் ஆட்களை விட்டுக்கொடுக்காமல் ஏதாவது சொல்வேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால், இந்த விஷயத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. அடிப்பது போலீஸ் வேலை கிடையாது. பிடிப்பது, விசாரிப்பது, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது, அவ்வளவுதான் எங்கள் வேலை. குற்றவாளியா இல்லையா என்று சொல்வதும் தண்டனை கொடுப்பதும் கோர்ட். இந்தப் பிரிவினையை அவளுக்கு நன்றாகப் புரியவையுங்கள், ஏனென்றால் சினிமாவில் ஹீரோ போலீஸ் ஆளைப் போட்டு உதைக்கும்போது நாமெல்லாம் விசில் அடிக்கிறோம், பிள்ளைகள் அதையே போலீஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். போலீஸ் தப்பு செய்தால் யாரிடம் போவது என்று கேட்டால், எஸ்.பி. அலுவலகம், கோர்ட், மாநில மனித உரிமை ஆணையம் என்று இடங்கள் இருக்கின்றன என்று சொல்லுங்கள். அங்கே போனால் நாளாகும், அலையவேண்டியிருக்கும், அதையும் மறைக்க வேண்டாம்.

அவள் வயதுக்கு அவளுடைய உரிமைகளும் தெரிந்திருக்கவேண்டும். 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் பெண்களையும் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக்கூடாது, போலீஸ்தான் வீட்டுக்கு வரவேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, பிள்ளைக்கு அப்படி ஏதாவது நடந்திருந்தால், முடிந்தவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத ஒரு பெண் அதிகாரிதான் அவள் வீட்டிலோ அவள் விரும்புகிற இடத்திலோ வைத்துப் பேசவேண்டும், அப்போது யூனிஃபார்ம் போட்டிருக்கக்கூடாது. நான் சேலை கட்டிக்கொண்டு, ஸ்டேஷன் ஜீப்பைத் தெரு முனையிலேயே விட்டுவிட்டு, நடந்து போன வீடுகள் உண்டு. பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கலாம். ராத்திரியில் பிள்ளையை எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது. அதுவும் சட்டம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிள்ளைகள் விஷயத்தைப் பார்ப்பதற்கென்றே குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும், யார் என்று நீங்கள் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் ஒரே நாளில் உட்காரவைத்துப் பாடம் நடத்தாதீர்கள், பஸ்ஸில் போகும்போது, பூ கட்டும்போது, அங்கங்கே ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும்.

அவள் போலீஸ் ஆகப்போகிறேன் என்று சொல்வதைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டு விட்டுவிட்டீர்கள், எனக்கு அதுதான் கடிதத்திலேயே பிடித்த இடம். தமிழ்நாடு காவல்துறையில் பெண்களைச் சேர்த்ததே 1973-ல்தான், முதலில் எடுத்தது ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய அதிகாரிகளும் சில காவலர்களும்தான். அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் வந்தது. இன்றைக்கு எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் பெண்கள் இருக்கிறார்கள். காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு, எஸ்.ஐ.க்கு ஒரு டிகிரி, பரீட்சையோடு ஓட்டம், தாண்டல் எல்லாம் உண்டு. தீபாவளி, பொங்கல், தேர், கொடை, எல்லாரும் வீட்டில் இருக்கிற நாளில்தான் டியூட்டி கூடுதலாக இருக்கும் என்பதை இப்போதே சொல்லி வையுங்கள், அதைக் கேட்டபிறகும் ஆசை இருந்தால் பார்க்கலாம். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போதைக்குப் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் சேர்த்துவிடுங்கள், லீவில் ஆற்றுக்குக் கூட்டிப்போய் நீச்சலும் கற்றுக்கொடுங்கள், தம்பியையும் சேர்த்து.